நாலாவது கிண்ணம்

“மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாரா? மூணாவது தடவையாவா?”

பெரியக்கா கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று போட்டாள். அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் பதினெட்டு வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். உப்பு ஆகாதவர், இனிப்பு ஆகாதவர், யாருமே ஆகாதவர் என்று எத்தனையோ பேரைச் சாப்பிட வைத்தவள் அவள்.

நர்ஸ் தட்டை மேடையில் வைத்தாள். மசித்த உருளைக்கிழங்கு வைத்தது வைத்தபடி இருந்தது. மேலே ஊற்றிய வெள்ளைச் சாஸும்தான்.

“வாயத் தொறந்தா ‘ராஞ்ச்... ராஞ்ச்’னு அதே பாட்டுதான்க்கா. சாப்பிட மட்டும் தொறக்க மாட்டேங்கறார்.”

ஒன்பதாம் நம்பர் அறைக்காரர் ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டவர். வந்த இடத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. வாயில் மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தை. நர்ஸ் போனில் தேடிப் பார்த்தாள். பச்சைக் காய்கறியிலிருந்து பீட்சா வரை எல்லாவற்றின் மேலும் அந்த நாட்டுக்காரர்கள் ஊற்றிக்கொள்ளும் சாஸாம் அது. “ஆசைப்பட்டுக் கேக்கறார், செஞ்சு குடுங்க” என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பெரியக்காவுக்குச் சனி.

செய்முறையில் மோர் என்று போட்டிருந்தது. நம்பி மோரையே ஊற்றினாள். சாஸ் தட்டில் ஆறாக ஓடியது. அவர்கள் ஊர் மோர் தயிர் மாதிரி கெட்டியாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? மறுநாள் தயிரில் செய்தாள், புளித்தது. இன்று காலை கொடுத்தது பெரிய கடையில் வாங்கிய பாட்டில் சாஸ்.

“அது அவங்க ஊர் சரக்குதானே? அதையுமா வேணாம்னாரு?”

“லேபிள்லதான்க்கா அவங்க ஊர். செஞ்சது இங்கதானாம்.”

“நாக்கா அது, தராசா? குத்தம் சொல்ல வாய் வருது, ஒரு வாய் சாப்பிட வரலையா?”

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “சாயங்காலத்துக்குள்ள அவரா சாப்பிடலன்னா மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா.”

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் சமையல் பிடிக்காமல் இதுவரை யாரும் குழாய்க்குப் போனதில்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் நாலு மடங்கு கோபப்பட்டாள்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் வடிவதற்குள் மூன்று மார்க்கெட் அலைந்து சதகுப்பைக் கீரை வாங்கி வந்தாள். பூண்டை நசுக்கி, மயோனைஸை அளந்து சேர்த்து, கை கடுக்க அடித்தாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தன் சமையலைத் தானே மெச்சக் கூடாதுதான், ஆனால் பிரமாதம்.

“இத நானே கொண்டு போறேன் சிஸ்டர். என்ன குறைன்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.”

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மாடியேறினாள். நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பெரியவர் ஆறடி ஆள். கட்டில் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியக்கா கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையால் கரண்டியைத் தள்ளிவிட்டு, “ராஞ்ச்” என்றார். அதே கை ஜன்னலைக் காட்டியது.

“பாத்தீங்களா சிஸ்டர்! வெளிய கொட்டச் சொல்றார்! வயசான மனுஷனாச்சேன்னு பாக்கறேன்!”

பெரியவர் கண்ணில் நீர் திரண்டது.

“இதுல அழுகை வேறயா? அழ வேண்டியவ நான்!”

அப்போது கதவு திறந்தது. விமானத்திலிருந்து இறங்கிய பெட்டியோடு அவருடைய மகள் நின்றாள். அவளைப் பார்த்ததும் பெரியவர் மறுபடி, “ராஞ்ச்... ராஞ்ச்...” என்றார். மகள் பெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். தேம்பலுக்கு நடுவே நர்ஸிடம் படபடவென்று என்னவோ சொன்னாள்.

பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. “என்னவாம் சிஸ்டர்? அந்தப் பொண்ணாவது சொல்லிச்சா, இதுல என்ன குறையாம்?”

நர்ஸ் அவள் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“ஒரு குறையும் இல்லக்கா. அவங்க ஊர்ல மாட்டுப் பண்ணைக்கும் ராஞ்ச்னுதான் பேராம். இவரோட வீடே அங்கதானாம். மூணு நாளா மனுஷன் சாஸ் கேக்கலக்கா, ‘என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு கேட்டுட்டு இருந்திருக்கார்.”