ஆறாயிரத்து இருநூறு கிலோ

மூன்றாவது மென்பொருளும் அதிகமாகத்தான் சொன்னது.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ எரிபொருள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அதையும் மூடினார்.

ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகள் வாங்கிக் கொடுத்த விளையாட்டு அது. மேசைமேல் ஒரு கணினி, கையில் பிடிக்க ஒரு விமானக் கைப்பிடி. வீட்டில் இருந்தபடியே விமானம் ஓட்டலாம். ஓட்டுவதற்கு முன் பயணத் திட்டம் போட்டுத் தர ஒரு மென்பொருள் வேண்டும். எந்த வழியாகப் போவது, எவ்வளவு உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஊற்றுவது என்று அது சொல்லும்.

மூன்றை ஒரு வாரம் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள். வாரம் இன்றோடு முடிகிறது. எதை வாங்கட்டும் என்று மகள் காலையிலிருந்து இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டாள்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்து மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே உலகம் சுற்றும் மனிதர் என்று கேலி செய்கிறவள்தான். இந்த ஒரு வாரமாகக் கேலியும் இல்லை, அந்த அறையை விட்டு அவள் நகர்வதும் இல்லை.

அந்த ஒரு வாரமும் அவர் எல்லா மென்பொருளுக்கும் ஒரே பயணத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே சரக்கு விமானம், அதே பாரம், பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு விடியற்காலை. அன்றைய வானிலையைக்கூடத் தேடிப் பிடித்து உள்ளே கொடுத்திருந்தார்.

அன்று அந்தத் திட்டத்தைப் போட்டதும் அவர்தான். விமான நிறுவனத்தில் அதுதான் அவருக்கு வேலை.

கணக்கில் புலி. தேவைக்கு மேல் ஒரு சொட்டு ஊற்றவிட மாட்டார். அதிக எரிபொருள் என்றால் அதிக பாரம் என்பார். கேப்டன்கள் அவரோடு மல்லுக்கு நிற்பார்கள். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இன்னும் ஒரு ஐந்நூறு கிலோ போடுங்கள் என்பார்கள். பாதி நாள் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

அந்த விடியற்காலை வந்த கேப்டன் மட்டும் எந்த நாளும் தாளைப் புரட்டியது கிடையாது.

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போய் இறங்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். இறங்க முடியாவிட்டால் எங்கே திரும்புவது என்று ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு மாற்று நிலையத்தை எழுதியாக வேண்டும். அவர் எரிபொருளைக் குறைக்கப் பார்த்து, கூப்பிடு தூரத்தில் இருந்த ஒன்றை எழுதியிருந்தார். கூப்பிடு தூரம் என்பதால் அங்கேயும் அதே பனிதான் மூடியிருந்தது.

வேறோர் இடத்துக்குப் போக எரிபொருள் இல்லை. விமானம் விழுந்ததில் துணை விமானி மட்டும் பிழைத்துக்கொண்டார்.

விசாரணை அறிக்கை பழியைப் பனிமூட்டத்தின் மேல் போட்டது. விதிப்படி ஆறாயிரத்து இருநூறு கிலோ போதுமானதே என்று எழுதியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் அலுவலகத்தில். யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்ற வந்த நண்பரோடு அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அறிக்கையைக் கொண்டுவந்து பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். மனைவியிடம் பனிமூட்டம் என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு யார் போட்டிருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று ஒரு சாட்சி. இந்த மூன்றுமோ சொல்லிவைத்த மாதிரி, பனி இல்லாத தூரத்து நிலையத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டன.

நான்காவது ஓசியில் கிடைப்பது. பொடிப்பொடி எழுத்து, பார்க்கச் சகிக்காத திரை. நம்பிக்கை இல்லாமல்தான் பொத்தானை அழுத்தினார்.

பக்கத்து நிலையம். ஆறாயிரத்து இருநூறு கிலோ.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒன்று அவர் பக்கம் பேசியிருக்கிறது. ஓசியாக இருந்தால்தான் என்ன? எதுவும் வாங்க வேண்டாம், இதுவே போதும் என்று மகளுக்குச் செய்தி அடிக்கத் தொடங்கினார்.

மடித்த சட்டைகளோடு மனைவி பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். அத்தனை பொடி எழுத்துக்கு நடுவே அவள் விரல் நேராக அந்த எண்ணில் போய் நின்றது.

"இது வேண்டாங்க. அதிகமா ஊத்தச் சொல்லுச்சே, அதை வாங்குங்க."

இத்தனை வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரர், பீரோவில் தன் சட்டைகளை அடுக்கி வைப்பது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது மென்பொருளைத் திரும்பவும் திறந்தார். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். கேப்டன் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு வாரமாக அவர் காலியாகவே விட்டிருந்த கட்டம். இரண்டு முறை அழித்து அழித்து, அந்தப் பெயரை அடித்து முடித்தார்.

அவள் சட்டைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க. என் தம்பி எறங்குற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."