முகமில்லாத பக்கம்

ஆசிரியர்கள் அனைவரும் தங்கள் ‘கற்பித்தல் பயண’த்தை பள்ளி வலைப்பூவில் எழுத வேண்டும், வகுப்பறைப் படம் இல்லாதவர்களுக்குப் பத்தாம் வகுப்பு எடுக்கும் வாய்ப்பு கிடையாது என்று தாளாளர் அறிவித்தார். பயணமே போகாத அவருடைய பக்கத்தில் அவரே எல்லாக் கோணங்களிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா டீச்சர் பழைய வகுப்புப் படங்களைத் தேடி எடுத்தார். எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து நீண்ட அவருடைய கை மட்டும் இருந்தது. படம் எடுக்கும் கடைசி நொடியில் யாரோ ஒரு பையனின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தது.

“முகமே இல்லையே டீச்சர்! தாளாளர் கைக்கா வகுப்பு குடுப்பாரு?” என்றார் கணினி ஆசிரியர்.

“பாடம் நடத்துன கைதானே சார், ஏத்துங்க.”

மாலையில் ஒரு பின்னூட்டம் வந்தது: “அந்தக் காலர் என்னுது டீச்சர். இன்னமும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டுதான் நிக்குது.”

டீச்சரின் கை திரையை நோக்கி நீண்டது.