மழைக்காலப் பொலிவு

ஊரே என் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் ஊர்த்தலைவர் செல்லப்பாண்டி அண்ணாச்சி, கையில் சாமந்தி மாலையோடு. பின்னால் பெண்கள் கூட்டம், கொட்டடிக்கிறவர்கள் இரண்டு பேர், வடக்கயிற்றைத் தோளில் போட்டபடி ஒருவர்.

“தம்பி, உங்களைத்தான் பாக்க வந்தோம்” என்றார் அண்ணாச்சி. பிறந்ததிலிருந்து என்னை “ஏலே” என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

நான் அப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஐப்பசி மாதத்து வெயில், சித்திரைக்குச் சித்தப்பா மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாரப் பத்திரிகை. அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு நான் போகிற பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போனது. இருண்ட மழைநாட்களை இனிதே கழிப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். ஜன்னலோர நாற்காலி, மெத்தென்ற கம்பளி, உதட்டுக்குக் கிளிசரின், முகத்துக்குக் கோல்டு க்ரீம், பளிச்சென்ற நிறத்தில் ஒரு மழைக்கோட்டு. எழுதியவர் திருச்சுழிப் பக்கம் வந்தவரில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

மழைச் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டால் மனசு லேசாகும் என்றும் போட்டிருந்தது. அம்மா சுளகில் கம்பு புடைக்கிற சத்தத்தைக் கண்மூடிக் கேட்டேன்.

“ஏய்யா, காய்ச்சலா?” என்று அம்மா அடிக்கடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையில் ஒட்டிய க்ரீமைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

கோட்டு, கூடப் படிக்கிற ரஷீத் கொடுத்தது. அவன் மாமு துபாயிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கோட்டு.

“புத்தம் புதுசா இருக்கேலே” என்றேன்.

“அங்கயும் மழை கிடையாதுலே. வேற எப்படி இருக்கும்” என்றான் ரஷீத்.

அன்றிலிருந்து ஊரும் நானும் சேர்ந்து மழைக்குக் காத்திருந்தோம். ஊர், விதைத்த கம்புக்காகவும் பருத்திக்காகவும். நான், கோட்டுக்காக.

நரிக்குடிப் பக்கம் வானம் லேசாகக் கருத்தால் போதும், க்ரீம் பூசி, உதடு மினுங்க, மஞ்சளாகக் கிளம்பிவிடுவேன். கண்மாய்க்கரையில் ஒரு நடை. கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை. உள்ளே மட்டும் நல்ல மழை.

“வானம் உங்களைக் கவனிக்குது தம்பி” என்றார் அண்ணாச்சி இப்போது. “நேத்துப் பாத்தோம். மேகம் அப்படித் திரண்டு வந்துச்சு. நீங்க கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய வந்தீக. உடனே அந்த இடத்தை விட்டு அசைஞ்சுச்சு.”

“முந்தாநாளும் அப்படித்தான். ஊரே பாத்துச்சே” என்றாள் பின்னால் நின்ற மாரிக்கனி அக்கா.

என் அழகு இதுவரை மனிதர்கள் யாரிடமும் எடுபட்டதில்லை. வானத்திடமாவது எடுபட்டிருக்கிறது.

“இந்த வாரம் பெய்யலைன்னா விதைச்சது பூராம் கருகிரும்” என்றார் அண்ணாச்சி. “உங்களால ஒரு காரியம் ஆகணும். மாட்டேன்னு சொல்லிராதீக.”

“ஊருக்காக எது வேணாலும் செய்வேன் அண்ணாச்சி.” கல்லூரித் தேர்தலில் ஜெயித்தால் பேசலாம் என்று வைத்திருந்த வசனம். செலவாகாமல் அப்படியே கிடந்தது.

“அப்ப கோட்டைப் போட்டுட்டு வாங்க. மூஞ்சில என்னமோ பூசுவீகளே, அதையும் பூசிக்கிடுங்க. ஒண்ணும் குறையக்கூடாது.”

க்ரீமை இரண்டு பூச்சாகப் பூசிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி மாலையைப் போட்டார். பெண்கள் கூட்டத்தில் நின்ற மாயக்காள் அக்கா என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒல்லியாத்தான் இருக்காக. ரெண்டு ஆளு போதும்.”

தோளில் தூக்கப்போகிறார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. “எதுக்குக்கா சிரமம். நான் நடந்தே வாரேன்.”

“முச்சந்தி வரைக்கும் நடங்க. அதுக்கு மேல நடந்தா சரிப்படாது” என்றாள்.

கொட்டு முழங்கியது. தெருவில் இருபுறமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அரசியலுக்குப் போவதா, படிப்பை முடிப்பதா என்று யோசித்தபடி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தேன்.

முச்சந்தியில் ஊர்வலம் நின்றது. பெண்கள் என்னைச் சுற்றி வட்டமாக நின்று தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். மாரிக்கனி அக்கா மாரில் அடித்துக்கொண்ட வேகத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

“அண்ணாச்சி, இம்புட்டுப் பாசம் எனக்குத் தாங்காது. அழ வேண்டாம்னு சொல்லுங்க.”

“அழுதாத்தான தம்பி பெய்யும். கொடும்பாவி இழுக்கப்போறோம்ல.”

மழையைத் தடுக்கிற பாவி என்று ஆளுயர வைக்கோல் பொம்மை கட்டி, மாலை போட்டு, ஒப்பாரி வைத்து, பிணம் மாதிரி தெருத்தெருவாகக் கயிற்றில் இழுத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். இழுத்தால் பெய்யும் என்பார்கள். அதற்குத்தான் என்னைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார்கள். கோட்டுக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டேன்.

சுற்றிலும் பார்த்தேன். கயிற்றில் சுருக்குப் போட்டு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். இழுக்க வேண்டிய சாமானைத்தான் காணோம்.

“பொம்மை எங்க அண்ணாச்சி?”

அவர் தோள் துண்டை எடுத்து, ஒரு உதறு உதறி, என் காலடியில் பதமாக விரித்தார்.

“மாட்டுக்கே வைக்கோல் இல்ல. படுங்க தம்பி.”