டிரைவர் சீட்டின் முதுகு

டிரைவர் சீட்டின் முதுகெங்கும் சின்னச் செருப்பின் சேற்றுத் தடங்கள். பழசைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தைக்கச் சொன்னான் நடேசன். துடைக்கக்கூட வேண்டாம் என்றாள் அவன் மனைவி தமயந்தி. பையனைப் பறிகொடுத்த பிறகு அவர்கள் பேசிக்கொண்டதே இந்தச் சண்டைக்காகத்தான். சீட் தைக்கும் இஸ்மாயில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பழசக் கழட்டாம அதுமேலயே புது கவர் போட்டுடறேம்மா. உள்ள அப்படியே இருக்கும்.”

வண்டியை எடுத்தபோது தமயந்தி முன்னால் ஏறவில்லை. பின்னால், பையன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டியதும் புது கவரைக் காலால் மெல்ல உதைத்தாள்.

நடேசன் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தபடியே, “உதைக்காதடா, அப்பா வண்டி ஓட்டுறேன்ல” என்றான்.

அவள் மறுபடியும் உதைத்தாள்.