தூத்துக்குடி வரைக்கும்

அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சொந்த வீட்டில், இந்த வயதில், ரகசியமாகப் போன் பேசுவது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டு, மடிக்க வேண்டிய துணிகளுக்கு நடுவில் போனை வைத்தாள்.

மறுமுனையில் சண்முகவடிவு. போன ஆடி வரைக்கும் அவளுடைய சம்பந்தி.

பிள்ளைகளுக்கு விவாகரத்து ஆன பிறகு, அம்மாக்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாகப் பார்த்துக்கொண்டது கோர்ட் வராந்தாவில். பேசவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் போன்.

“மதினி, நான் கார் ஓட்டப் படிச்சிட்டேன். எங்க வீட்டுக்காரவுக வண்டி சும்மாதான நிக்கி. தூத்துக்குடி வரைக்கும் போயிட்டு வருவோமா?”

அவள் யோசிக்கவே இல்லை. சரி என்றுவிட்டாள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். திட்டம் போட ஆரம்பித்தே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இட்லி கட்டிக்கொள்வதா, வழியில் சாப்பிடுவதா. வழியில்தான். வீட்டிலிருந்து தண்ணீர்கூட எடுப்பதில்லை.

கடலில் கால் நனைக்க வேண்டும். அப்படியென்றால் சேலை வேண்டாம். சுடிதார். இரண்டு பேரிடமும் இருந்தது. வாசல் தாண்டிப் போட்டதில்லை.

“அப்படியே திருச்செந்தூர்...” என்று இழுத்தாள்.

“போயி என்னன்னு கும்பிட, மதினி? ஒங்க மவனுக்கு ஒரு நல்ல பொண்ணு, எம் மவளுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளைன்னா?”

அவள் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள்.

பிறகு சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. மடித்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். போனுக்குள்ளிருந்தும் அதே சத்தம்.

கதவு திறந்தது.

மகன். தோளில் ஆபீஸ் பை. அவள் முகத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

“யார்ட்டம்மா பேசுத?”

வேறு யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

“மதினிட்ட.”

போனில் சிரிப்பு நின்றது.

அந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன். இப்போது வாசலிலேயே நின்றான்.

அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“ஞாயித்துக்கெழம தூத்துக்குடி போறோம். அவங்கதான் ஓட்டுதாங்க.”

“அந்த வண்டியிலயா?”

“ஆமா.”

பையைக் கழற்றினான். வைக்க இடம் தேடுபவன்போல அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“பின்னால எடது பக்க டயர்ல காத்து நிக்காது. பாத்துட்டு எடுக்கச் சொல்லு.”

சொன்னதும் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். துணிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

போனிலிருந்து குரல் வந்தது.

கல்யாணமாகி இருந்த நாலு வருஷமும் சண்முகவடிவு அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மாப்பிள்ளை என்றுதான். வாங்க, போங்க என்றுதான்.

“டயர் புதுசு போட்டாச்சு, சங்கரா. நீ சாப்ட்டியா?”

அவன் குனிந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.