பின்னால் போகும் இருக்கை

நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, குள்ளத் தையல்காரர் வீட்டு வாசலிலேயே பழுதுபார்த்தார். பேட்டரியைக் கழற்றி அடுப்படியில் வைத்திருந்தார். இருந்தும் தினமும் காலையில், மின்சாரப் பொத்தானால் நகரும் ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் போயிருக்கும்.

பேட்டரியை மாட்டி, மனைவியோடு முதன்முதலாகக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். கால் பெடலுக்கு எட்டவில்லை. பொத்தானுக்கும் இருக்கை மசியவில்லை.

“சனியன்!” என்று இறங்கிக் குனிந்தவர் கண்டது, காருக்கடியில் குளமாகத் தேங்கியிருந்த பிரேக் எண்ணெய். எதிரே செங்குத்தாக இறங்கும் தெரு.

பிரேக் குழாயை மாற்றியதும் இருக்கை தானாக முன்னால் வந்து, அவர் உயரத்துக்குக் கச்சிதமாக நின்றது.

“உயிரக் காப்பாத்திட்டீங்க சார்,” என்றார், காலி இருக்கையைப் பார்த்துக் கும்பிட்டு.

பக்கத்து இருக்கை மெல்லப் பின்னால் நகர்ந்தது.

ஏறப்போன மனைவி முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

“நல்ல உயரம் போல. காலை நீட்டிக்கட்டும்.”