கிணற்றடிச் சவுக்கு

மரத்தை மூன்றாவது இடத்துக்கு நகர்த்தினாள்.

கிறிஸ்துமஸ் மரம் என்றால் ஒரு சவுக்குக் கொப்பு. பழைய பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி நட்டது.

முதலில் கூடத்து ஜன்னலோரம் வைத்தாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில். இப்போது படுக்கையறையில், பீரோ மூலையில்.

இங்கே வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஞானசிகாமணி எட்டிப் பார்த்தான்.

“ஏட்டி, நீ தள்ளுத தள்ளுல அது பெத்லகேமுக்கே போயிரும் போலுக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சண்முகவேல் அண்ணன் இறந்து இன்றோடு பதினோரு நாள்.

அவருக்குக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் காவல் வேலை. ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த வீட்டுக்குக் கொப்பு கொண்டுவருவது அவர்தான். அவரே மணலில் நடுவார். நட்ட கையோடு தன் வீட்டு அடுக்களைக்கு ஓடுவார். அந்த ஜன்னலுக்கும் இந்தக் கூடத்து ஜன்னலுக்கும் நடுவே ஒரு குறுகிய முடுக்கு மட்டுமே. அங்கிருந்து கையை வெளியே நீட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மரத்தைத் திருப்பச் சொல்வார்.

மரத்தின் நல்ல முகம் அவர் வீட்டைப் பார்த்து நிற்கும். இவர்களுக்கு முதுகு.

“கும்பிடுதது நீங்க, பாக்குதது நாங்க” என்பார்.

அந்த ஜன்னல் பதினோரு நாளாகச் சாத்தியிருக்கிறது.

இந்த வருடம் தோப்புக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மார்க்கெட்டில் ஒரு கொப்பு வாங்கிக்கொண்டாள்.

பஞ்சை எடுத்தாள். வைத்தாள். நான்கு பந்துகளைத் தொங்கவிட்டாள். இரண்டைக் கழற்றினாள். சீரியல் லைட்டைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. அழுகிற வீட்டின் முகத்துக்கு நேரே எப்படி விளக்குப் போடுவது?

முழந்தாளிட்டாள். சண்முகவேல் அண்ணனின் மனைவி பேச்சியக்கா பெயரைச் சொன்னாள்.

ஜெபம் அதற்கு மேல் போகவில்லை.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். இடியாப்பம் பிழிந்து தூக்குச்சட்டியில் வைத்தாள். பதினோரு நாளாக ஒரு வேளைச் சாப்பாடு இங்கிருந்துதான் போகிறது. கிளம்பும்முன் சேலையை நன்றாக உதறிக்கொண்டாள்.

பேச்சியக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி இடியாப்பம் சாப்பிட்டாள். கை கழுவி வந்து இவள் அருகில் அமர்ந்தாள்.

பிறகு இவள் தலைமுடியிலிருந்து எதையோ எடுத்தாள்.

ஒரு சவுக்கு ஊசி.

“மரம் வந்துட்டாக்கும்.”

இவளுக்கு முகம் சுட்டது.

“சும்மா ஒரு கொப்புக்கா. உள்ளறையில வச்சிருக்கு. லைட்டு கிட்டு ஒண்ணும் போடல.”

“எங்க வாங்குன?”

“மார்க்கெட்டுல.”

பேச்சியக்கா அந்த ஊசியை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அவிய ஒண்ணு பாத்து வச்சிருந்தாவளே. கெணத்தடி மரத்துல. வேற யாரும் வெட்டிரக் கூடாதுன்னு என் பழைய சீலைய கிழிச்சுக் கட்டிட்டு வந்தாவ.”

ஊசியைத் தரையில் வைத்து, “நீ போயிருப்பேன்னுல்லா நெனச்சேன்” என்றாள்.

இவள் தூக்குச்சட்டியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சொன்னாள். அவன் சாப்பிட்டு முடித்து, அரிவாளைத் தேடி எடுத்து வாசலில் வைத்தான்.

விடிந்ததும் போனார்கள்.

தோப்பு முழுக்கக் காற்று. எல்லா மரமும் ஒன்றுபோலவே ஆடின. அவள் வேகமாக நடந்தாள். தவறான கிணற்றுக்குப் போனாள். திரும்பி வந்தாள். இதற்குள் யாராவது வெட்டியிருந்தால் என்கிற எண்ணம் கூடவே நடந்து வந்தது.

இரண்டாவது கிணற்றடியில் பச்சைச் சேலைத் துண்டு பறந்துகொண்டிருந்தது.

கொப்பு நேராக இருந்தது. எல்லாப் பக்கமும் அடர்த்தி. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஞானசிகாமணி முடிச்சை அவிழ்க்கப் போனான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

மார்க்கெட் கொப்பு கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போயிற்று. பெயின்ட் டப்பா கூடத்து ஜன்னலோரம் வந்தது.

மணலை மிதித்து இறுக்கினார்கள். பந்துகள், பஞ்சு, உச்சியில் நட்சத்திரம். பச்சைத் துணி இருந்த இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் சீரியல் லைட்டைச் சுற்றினாள். சுவிட்சில் விரலை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள்.

போட்டாள்.

மரத்தின் எந்த முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் அவள் அதைப் பார்த்ததில்லை. டப்பாவைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாள். சரியில்லை. மறுபடியும் திருப்பினாள்.

முடுக்குக்கு அந்தப் பக்கம் கொண்டி விழும் சத்தம்.

அவள் நிமிரவில்லை. டப்பாவைப் பிடித்தபடியே குனிந்திருந்தாள்.

ஜன்னல் திறந்தது. பாத்திரம் கழுவிய ஈரத்தோடு ஒரு கை வெளியே நீண்டது.

இன்னும் கொஞ்சம் என்றது.